கருமணலிலிருந்து ஒரு கைப்பிடி இரும்பு

இரும்பு எடுத்துக் காட்டுகிறோம் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னபோது, எதிலிருந்து எடுப்பது என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. அந்த வயதில் எனக்கு எல்லாவற்றிலும் வாய்தான் முந்தும்.

தாம்பரத்தில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் அறிவியல் கண்காட்சியில் எங்கள் பள்ளிக்கு ஒரே ஒரு மேஜை. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பி செக்‌ஷன்காரிகள் தெர்மகோலில் அதையே ஒரு மாடலாகச் செய்து வைத்திருந்தார்கள். நாங்களோ அப்போதுதான் தாதுக்களைப் பற்றிய பாடத்தை முடித்திருந்தோம். பூமி முழுக்க இரும்பு கிடக்க, நாம் எதற்குத் தெர்மகோலை வெட்டவேண்டும்?

வேதியியல் மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உலைன்னு சொல்லி உள்ள சிவப்பு பல்பு வெச்சு எடுத்துட்டு வரக்கூடாது. பூஜை லீவு முடிஞ்சு வரும்போது கையில இரும்பு இருக்கணும். இல்லைன்னா மேஜை பி செக்‌ஷனுக்கு."

மணி அடித்ததும் பக்கத்து இருக்கைத் தோழி என் தொடையில் கிள்ளினாள். அவள் பம்மல். அவளுடைய அப்பா அங்கே கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அவள் கேட்டது ஒன்றுதான்: "மண்ணு எங்கடி?"

மண் கோவளத்தில் இருந்தது. அலை ஏறி இறங்கும் இடத்தில் கரி கொட்டியதுபோலக் கறுப்புக் கோடுகள் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். மணலின் மேல் காந்தத்தைக் கொண்டுபோனதும் கறுப்புத் துகள்கள் எழுந்து வந்து பூனைமுடிபோல ஒட்டிக்கொண்டன. கவரை உருவினால் உதிர்ந்து பைக்குள் விழும். வெயில் ஏறும்வரை இதையே செய்தோம். கூடையோடு போன மீன்காரம்மா ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, "மீனு வாங்காம மண்ணை அள்ளிகினு போறீங்களே, வூட்டுல இன்னா குழம்பு வெப்பீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அள்ளினோம்.

எங்கள் வீட்டுக்கு வந்து சல்லடையில் சலித்து, கிளிஞ்சல்களைக் கிணற்றடியில் கொட்டி, மணலைக் கழுவிக் காயவைத்தோம். பட்டறைக்குப் பின்னால் செங்கல்லும் களிமண்ணும் உமியும் கொண்டு இடுப்புயர உலை எழுந்தது. காற்றுக்கு அவள் அப்பாவின் பட்டறை ப்ளோயர். கரிக்கு இஸ்திரிக்காரர்கள் வாங்கும் கரிக்கடை. பாக்கி இருந்தது இளக்கி. தாதுவோடு ஒட்டி வரும் மண்ணை உருக்கிக் கசடாக வெளியேற்றுவதற்கு உலையில் போடும் சுண்ணாம்புக்கல்தான் அது. சுண்ணாம்புக்கல்லுக்கு எங்கே போவது? வெள்ளையாக, தூளாக, எங்கள் வாசலிலேயே இருக்கிறதே என்று ஒரு டப்பா கோலமாவைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

நாள் முழுக்க எரித்தோம். மாலையில் உலையை உடைத்தால் உள்ளே கறுப்பாக ஒரு கட்டி. காந்தத்தை வைத்தேன். லேசாக இழுத்தது. நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன். அவள் கட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாணைக்கல்லில் வைத்தாள். பட்டறையில் வளர்ந்தவளுக்கு அதுதான் பரீட்சை; இரும்பாக இருந்தால் பொறி பறக்கும். பறக்கவில்லை. கறுப்புத் தூள்தான் உதிர்ந்தது. மணலே காந்தத்தில் ஒட்டித்தானே வந்தது, இப்போது ஒட்டினால் என்ன அதிசயம் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

மிச்சம் இருந்த கருமணல் இன்னும் ஒரே ஒரு உலைக்குத்தான் காணும். மறுபடி கோவளம் போகவும் நாளில்லை. உடைத்த உலையை மட்டும் அதே செங்கல்லில் திரும்ப எழுப்பிக் காயவிட்டோம்.

அந்தக் கட்டியை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து உடைத்துப் பார்த்தோம். உள்ளே பாட்டில் சில்லுபோலப் பளபளப்பு. மண்தான் உருகிக் கண்ணாடியாகும் என்று பாடத்தில் இருக்கிறது. அவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? தோழி கோலமாவு டப்பாவை முறைத்துக்கொண்டே சொன்னாள்: "சுண்ணாம்பா இருந்தா ஆசிட் பட்டா பொங்கணும் இல்ல?"

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைச் சொட்டினோம். கோலமாவு அசையவே இல்லை. வண்டியில் கூவி விற்கிற மாவு வெள்ளைக்கல்லை அரைத்தது. சுத்தமான மணல் குணம். இளக்கி என்று நான் போட்டது கிடைக்கவேண்டிய இரும்பையும் சேர்த்து விழுங்கிக் கசடாகிவிட்டது. அடுத்த சொட்டைக் கிணற்றடியில் கொட்டிய கிளிஞ்சல் மேல் விட்டோம். சோடாபோலப் பொங்கியது. தேவையானதை அந்தக் கடலே மணலோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறது, நான் சலித்துக் கொட்டியிருக்கிறேன்!

கிளிஞ்சலை இடித்துப் பொடியாக்கி எடுத்துக்கொண்டு பம்மலுக்கு ஓடினால், அங்கே ஆயுத பூஜை. ப்ளோயர், சாணை, வெல்டிங் மெஷின் எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு ஒன்றையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் எடுத்துச் செய்யும் முதல் வேலை எப்படியோ அப்படித்தான் அந்த வருஷம் முழுக்க என்பது அவள் அப்பாவின் கணக்கு. மறுநாள் விஜயதசமி. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடம்.

"நைனா, நாளைக்கு மொத வேலை எங்களுது" என்றாள்.

"எது? அன்னிக்கு கரியைத் துன்னுட்டு கண்ணாடியைத் துப்பிச்சே, அதுவா?"

"இந்த வாட்டி இரும்பு வரும்."

"வரலன்னா? வருஷம் பூரா என் பொழப்பும் அப்பிடித்தான் போவும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதுவரை ஒரு மேஜைதான் போகும் என்றிருந்தது. இப்போது அவர் வருஷமும் எங்கள் உலையில் விழப் போகிறது. வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்: "தெனிக்கும் இரும்பை வாங்கியாந்து வேலை செய்ற. நம்ம பட்டறையில இரும்பே பொறந்தா நல்லதா கெட்டதா?"

அவர் பொரியை ஒரு கை அள்ளி மென்றார். மென்று முடித்து என்னைப் பார்த்து, "காலையில தலைக்குக் குளிச்சுட்டு வா. கற்பூரம் ஏத்திட்டுத்தான் சுவிச்சு" என்றார்.

ஏற்றினோம். மாலையைக் கழற்றிவிட்டு ப்ளோயரைப் போட்டோம். ஒரு கை கரி, ஒரு கை மணல், ஒரு சிட்டிகை கிளிஞ்சல் என்று நான் போட்டுக்கொண்டே இருக்க, காற்றை அவள் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டாள். அவள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பக்கம் திருப்பவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் உலையின் அடித்துளை வழியாகக் கசடு பாகுபோல வழிந்தது. போன தடவை ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

உலையை உடைத்து, இடுக்கியால் கட்டியை வெளியே எடுத்துத் தட்டினோம். போன தடவை போல உடையவில்லை, நசுங்கியது. தண்ணீரில் போட்டோம். நான் பழக்கத்தில் காந்தத்தை எடுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சாணைக்குப் போனாள். அவள் அப்பா எழுந்து வந்து சுவிட்சைத் தானே போட்டார்.

பொறி பறந்தது. மத்தாப்புக்கு முந்திக்கொண்டு வந்த தீபாவளி. தேய்ந்த இடம் வெள்ளியாக மின்னியது.

கோவளத்தில் கால் சுட்ட மணல், நாங்கள் இரண்டு பெண்கள், ஒரு கைப்பிடி இரும்பு. உலகத்தில் முதன்முதலில் இரும்பு எடுத்தவர்கள்கூட அன்று எங்களுக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றார்கள். அவள் அப்பா ப்ளோயர் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டு வழித்து, அந்தக் கட்டியின் நெற்றியில் வைத்தார்.

மேஜை எங்களுக்கே கிடைத்தது. கண்காட்சியில் வலப்பக்கம் மழைநீர் சேகரிப்பு, இடப்பக்கம் மழைநீர் சேகரிப்பு, நடுவில் எங்கள் இரும்பு. பக்கத்தில் ஓர் அரம். சந்தேகம் இருப்பவர்கள் ராவிப் பார்க்கலாம் என்று சொன்னோம். எங்கள் மிஸ்தான் முதலில் ராவினார். அப்புறம் வருகிறவர்களை எல்லாம் அவரே கூப்பிட்டுக் கூப்பிட்டு அரத்தைக் கையில் கொடுத்தார். நடுவராக வந்த சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டியைத் திருப்பிப் பார்த்து, இந்தக் குழிகளில் மஞ்சளாகத் தெரிகிறதே, கந்தகமா என்று கேட்டார்.

"சந்தனம் சார்" என்றாள் என் தோழி.