ஞானஒளிவு குடியை நிறுத்திய கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் கரண்டு இருந்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஞானஒளிவைத் தெரியும். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. மீட்டரைப் பார்த்தோமா, எழுதினோமா, அடுத்த வீட்டுக்குப் போனோமா என்று இருக்கமாட்டார். வீட்டுக்காரன் பக்கத்தில் வந்து நின்றால் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார். வாடை வந்துவிட்டால் தீர்ந்தது, நின்ற இடத்திலேயே பிரசங்கம். அரசாங்கம் சாராயக்கடையைத் திரும்பத் திறந்துவிட்டிருந்த நேரம் என்பதால் பிரசங்கத்துக்கு ஆள் பஞ்சமில்லை. கேட்டுத் திருந்தியவன்தான் ஒருத்தனும் இல்லை. அவர் தலை தெரிந்ததும் புறவாசல் வழியாக நழுவுகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள்.

அவருடைய கிறிஸ்தவ சபையில் மதுவிலக்குச் சங்கம் என்று ஒன்று இருந்தது. தலைவரும் செயலாளரும் அவரே. அநேகமாக உறுப்பினரும் அவர் ஒருவர்தான். சொட்டுச் சாராயம் நாக்கில் பட்டதில்லை என்பதுதான் அவர் சம்பாதித்த சொத்து. அதை அடிக்கடி எடுத்து ஊருக்குக் காட்டவும் செய்தார்.

கெட்ட காலம், மாதம் ஒருதரம் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து வழியாக வந்தது. அதுவரை, கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டி கறுப்புத் திராட்சை வத்தலைக் கொதிக்கவைத்து இறக்கிய சாறுதான் பாத்திரத்தில் இருக்கும். புதிதாக மாற்றலாகி வந்த ஐயர் (அந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்) அதை ஒருதரம் ருசி பார்த்தார். ஆண்டவருக்கு இதைவிட நல்லதாகவே கொடுக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பாட்டில் ஒயின் வரவழைத்துவிட்டார்.

முதல் மாதம் ஒரு மடக்கு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த ஞானஒளிவுக்கு உதடு அரித்தது. காதுக்குப் பின்னால் சிவந்து தடித்தது. அடுக்கடுக்காகத் தும்மினார். பழியை மூட்டைப்பூச்சி மேல் போட்டார். அடுத்த மாதம் கழுத்தெல்லாம் தடிப்பு, கண் இரண்டும் பணியாரமாக உப்பிவிட்டன. மத்தியானத்துக்குள் வற்றிவிட்டது என்றாலும் சபை பார்த்துவிட்டதே.

வேறு கூட்டமாக இருந்தால் ஏதோ சேரவில்லை என்று விட்டிருப்பார்கள். இவர்கள் வேதம் படித்தவர்கள். தகுதியில்லாமல் அந்தப் பாத்திரத்தில் வாய் வைத்தால் உடம்பில் தண்டனை இறங்கும் என்று கேட்டே வளர்ந்தவர்கள். தண்டனை மூஞ்சியிலேயே இறங்கியிருக்கும்போது சாட்சி எதற்கு? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர் ஒளித்துவைத்துக் குடிக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவர் மனைவி ஏசுவடியாளே கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“எதையும் மறைக்கியளா? எங்கிட்ட சொல்லிருங்க. நான் யார்ட்டயும் மூச்சுவிடமாட்டேன்.”

“ஏட்டி, சத்தியமா ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமலா மூஞ்சி இப்பிடி வீங்குது?”

ஞானஒளிவு தன் மனசைக் குடைந்து பார்த்தார். வாலிபத்தில் டிக்கெட் இல்லாமல் பார்த்த ஒரு சினிமா அகப்பட்டது. குருவிகுளத்தில் ஒரு வீட்டு நாய்க்குப் பயந்து மீட்டரைப் பார்க்காமலே ரீடிங் எழுதியதும் அகப்பட்டது. இதற்கா இத்தனை வீக்கம் என்று அவருக்கே நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் இரண்டுக்கும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

உண்மையைச் சொன்னவன் பவுல்பாண்டியன். மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரன். சனிக்கிழமை சாயங்காலம் பிராந்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவிருந்து, இரண்டுக்கும் முதல் ஆளாகப் போவான். அவன் மேலில் ஒரு கொப்புளம் உண்டா என்றால் கிடையாது.

“அண்ணாச்சி, இது பாவமில்ல, ஒயின் ஒங்களுக்குச் சேரல. எங்கூடக் குடிக்க வாரவன் ஒருத்தன் சிவகிரிக்காரன். பிராந்தி அவன ஒண்ணும் செய்யாது. ஒயின் ஒரு வாய் போட்டா தடிச்சி, மூச்சு முட்டும். ஒங்களுக்கும் தடவைக்குத் தடவ கூடிக்கிட்டுல்லா வருது. அடுத்தது தொண்டைக்குப் போவும். தொடாதிய.”

“குடிகாரங்கிட்ட வைத்தியம் கேக்க வேண்டிய நெலம எனக்கு இன்னும் வரலப்பா” என்றார் ஞானஒளிவு.

ஆனால் பயந்துவிட்டார். அடுத்த திருவிருந்துக்குப் போகாமல் இடத்திலேயே இருந்தால் பாவி என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி. போனால் வீங்கும், அப்போதும் பாவிதான். உதட்டில் பட்டும் படாமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போய் முழங்காலிட்டார். ஐயர் தாராள மனசுக்காரர். பாத்திரத்தை நன்றாகவே சாய்த்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியிலேயே நாக்கு தடித்தது. தொண்டைக்குள் விசில் சத்தம் கேட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவரைச் சபை சூழ்ந்துகொண்டது. “பாவத்த அறிக்கை பண்ணிரும்வே, இப்பவாவது அறிக்கை பண்ணிரும்!” என்று ஒரு பெரியவர் கத்தினார். அறிக்கை பண்ண அவருக்கு மூச்சு எங்கே இருந்தது? நாலுபேர் அவரைப் பிடித்துத் தரையில் படுக்கவைக்கப் பார்த்தார்கள்.

பவுல்பாண்டியன் பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்தான். “படுக்கப்போடாதிய! மூச்சு முட்டுத ஆள உக்கார வைங்க. ஐயரே, ஜெபத்தக் கார்ல வச்சிக்கிடலாம். கால் பக்கம் புடிங்க!”

வெள்ளை அங்கியோடு ஐயர் கால் பக்கம் பிடித்தார். காருக்குள் ஏசுவடியாள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஞானஒளிவுக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. குடித்துச் செத்தான் என்றுதானே ஊரில் சொல்லுவார்கள்!

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசியைப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை விட்டுக்கொடுத்தது.

“என்ன குடிச்சீங்க?”

மதுவிலக்குச் சங்கத் தலைவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். பாதிப்பேர் அவர் மீட்டர் பார்க்கிற வீட்டுக்காரர்கள்.

“ஒயின்.”

“எவ்வளவு?”

“ஒரே ஒரு மடக்கு.”

“எல்லாரும் அதத்தான் சொல்றீங்க.”

ஐயர் அங்கியோடு முன்னால் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் டாக்டரம்மா நம்பினார். பாட்டில் ஜூஸ் குடித்து எப்போதாவது இப்படி வந்ததா என்று கேட்டார். ஒரு கல்யாண வீட்டில் வந்திருந்தது. கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து ஒன்று இரண்டிலும் உண்டு, அது உங்களுக்கு ஆகவில்லை போலிருக்கிறது, இதற்குப் போதையும் தேவையில்லை அளவும் தேவையில்லை என்று விளக்கினார். தாகமெடுத்தால் புளியங்குடி எலுமிச்சையை வாங்கிப் பிழிந்து குடிக்கச் சொன்னார். இவ்வளவையும் மெதுவாகச் சொன்னவர், கிளம்பும்போது சொன்னதைத்தான் வார்டே கேட்கச் சொன்னார்.

“இனிமே ஒரு சொட்டுத் தொடக்கூடாது. தொட்டா, அடுத்த தடவை இங்க வந்து சேரமாட்டீங்க. உதடோ நாக்கோ வீங்கினா, மூச்சு இரைச்சா, வீட்ல படுத்துக்கிட்டுப் பாக்காம உடனே வந்திரணும்.”

மீட்டர்காரருக்கு டாக்டரம்மா குடியை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம் என்ற சேதி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு ஐயர் பீடத்தில் நின்று உள்ளதைச் சொல்லி, சபையார் சார்பில் மன்னிப்பும் கேட்டார். கோயில்குட்டியின் சாறு திரும்பி வந்தது. ஆனால் பீடத்தில் சொன்னது சாராயக்கடைவரை கேட்காதே. ரீடிங் எடுக்கப்போன இடமெல்லாம் குடிகாரர்கள் இப்போது நழுவவில்லை. ஸ்டூலைத் தூக்கிப் போட்டு, “உக்காருங்க அண்ணாச்சி, ஒடம்பு எப்படி இருக்கு?” என்றார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசைத்தறிக்காரன் வெள்ளத்துரையின் வீட்டில், அவன் பெண்டாட்டி மாரித்தாய் மீட்டர் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டிலில் வெள்ளத்துரை எழுந்து உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, நீங்க எப்படி நிறுத்துனிய? இவுகளுக்கும் சொல்லுங்க. இத்தன வருசம் நீங்க சொன்னத எல்லாம் தெரியாதவர் பேச்சுன்னு சிரிப்பாக. இப்பம் கேப்பாக.”

நான் குடித்ததே இல்லை தாயி என்று சொல்ல வாயெடுத்தார் ஞானஒளிவு. வெள்ளத்துரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் ஒரு குடிகாரன் சொல்வதைக் கேட்க அவர் வாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“குடிச்சேன். தொண்ட அடச்சிட்டு. செத்தம்னு நெனச்சேன். ஒரே ஊசி, அன்னைக்கு விட்டதுதான், தம்பி.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.