தவளை மீன் தொட்டியில் அரிவாள் சோதனை

1. பையில் வந்தது என்ன?

மீன்வளம் படித்து முடித்து, 2008-ல் கம்பத்தில் ஓர் அக்வேரியக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே சென்னையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்தது. ஆக்சிஜன் அடைத்த பைகள். ஒன்றில் மட்டும் எலுமிச்சை மஞ்சளில், கைப்பிடி அளவில், கடற்பஞ்சு போல ஏதோ உட்கார்ந்திருந்தது. ஸ்டிக்கரில் 'ஸ்டோன் ஃபிஷ்' என்றிருந்தது.

முதலாளி பைக்குள் கைவிடப் போனார்.

"அண்ணே, விடாதீங்க" என்றேன். கல்மீன் முதுகு முள்ளில் கடும் விஷம் உண்டு.

பையை வெளிச்சத்தில் வைத்து நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மேலுதட்டுக்கு மேல் மெல்லிய குச்சி, நுனியில் தசைத் துணுக்கு, அதாவது இரையை இழுக்கும் தூண்டில்: இருக்கிறது.
முழங்கை மடக்கியது போன்ற முன்துடுப்பு: இருக்கிறது.
அந்தத் துடுப்புக்குப் பின்னால் மூச்சு விடும் சின்ன ஓட்டை: இருக்கிறது.
முதுகில் வரிசையாக முள்: இல்லை.

"இது ஃபிராக் ஃபிஷ்ணே, தவளை மீன். விஷம் கெடயாது."

"தெரிஞ்சு சொல்றியா, பொஸ்தகத்துல படிச்சதா?"

"தூண்டில் இருக்கு. கல்மீனுக்கு அது கெடயாது."

"சரி. நீ பேரு வச்ச மீனு. என்ன ஆனாலும் நீதேன் பொறுப்பு."

அதே வாரம் ராயப்பன்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் அந்தோணி அதை வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தவர். ஒன்பது வரியில் பராமரிப்புப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். தனியாக வளர்க்கவும், தன் அளவு மீனையே விழுங்கிவிடும். வாரம் மூன்று முறை இறால். தண்ணீரை விட்டு வெளியே தூக்கக் கூடாது, காற்றை விழுங்கினால் மிதந்தே செத்துவிடும். இப்படி ஒன்பது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நன்றாக எழுதிவிட்டேன் என்றே நினைத்தேன்.

2. சாம்பல்

ஒரு மாதம் கழித்துக் காலையில் போன் வந்தது.

"கடைப் பொண்ணா? ஆத்தா, அந்தோணி பேசுறேன். திராட்ச எலையில வர்ற மாதிரி மீனு மேல சாம்பல் பூத்துருச்சு. மருந்து போட்ருக்கேன். ஆனா மூச்சு வாங்குது."

"என்ன மருந்துண்ணே?"

"மயில்துத்தந்தேன். விடியக்காலம் ஒரு சிட்டிகை."

மயில்துத்தம் என்றால் காப்பர் சல்பேட். திராட்சை இலையில் நோய் வந்தால் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார்கள். தவளை மீனுக்குச் செதில் இல்லை. செம்பு நேரே தோலிலும் செவுளிலும் ஏறும்.

"பயப்படாத. அரிவாள முக்கிப் பாத்துட்டேன். செம்பு ஏறல" என்றார்.

தோட்டக்காரர்கள் மருந்து கலந்ததும் செய்யும் சோதனை அது. அரிவாளைக் கலவையில் முக்குவார்கள். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் இலை கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும். படியாவிட்டால் அடிக்கலாம். அந்தோணி அதைத் தொட்டியில் செய்திருந்தார். மீனைக் கொல்லும் அளவு, அரிவாள் காட்டும் அளவைவிட மிகக் குறைவு.

"வேன எடுத்துட்டு ஒடனே வாங்க. இனி எதுவும் போடாதீங்க. மீனத் தொடாதீங்க."

கடையில் புது மீன்களுக்கென்று தயாராக இருந்த உப்புத்தண்ணீரைக் கேன்களில் பிடித்தேன். முதலாளி வந்து பார்த்தார்.

"இதக் காலி பண்ணிட்டு நாளைக்கு வர்ற மீன எங்கன விடுவ?"

"நாளைக்கு வர்றதுக்கு நாளைக்குக் கலக்கலாம்ணே. அங்கன ஒன்னு இன்னிக்கே செத்துரும்."

அவர் முதல் கேனைத் தானே தூக்கி வாசலில் வைத்தார்.

3. வாளி

அந்தோணியின் வேனில் ராயப்பன்பட்டி போய்ச் சேர்ந்தபோது, மீன் தொட்டித் தரையில் ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. மஞ்சள் போய் உடம்பெல்லாம் சாம்பல் வெள்ளை. மூச்சை எண்ணினேன். கடையில் எண்ணியதைப் போல இரண்டு மடங்கு.

"மனுசருக்குக் காச்சல்னாலும் இவுக துத்தந்தேன் கலக்குவாக" என்றார் அவர் மனைவி பிலோமினா.

"நீ சும்மா இரு" என்று அந்தோணி வலையை எடுத்தார்.

"வலை வேண்டாம்ணே. தண்ணிக்குள்ளயே நடந்து வரணும்."

வாளியைத் தொட்டிக்குள் சாய்த்து முக்கி, வாயை மீனுக்கு நேராக வைத்தேன். பின்னால் ஒரு பிளாஸ்டிக் குச்சி. மீன் அசையவில்லை. தாமதித்தால் செம்பு ஏறும். அவசரப்பட்டால் காற்றை விழுங்கும். குச்சியை ஒரு விரல் அகலம் நகர்த்தி நிறுத்தினேன். முன்துடுப்பு ஒன்று எழுந்து முன்னால் ஊன்றியது.

"நடக்குதுடி" என்றார் அந்தோணி, மனைவி காதோடு.

வாளி விளிம்பில் மறுபடி நின்றது. பிறகு மெதுவாக உள்ளே சரிந்தது. தண்ணீரோடு தூக்கித் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, டியூப் வழியாகப் பழைய தண்ணீரை எடுத்து, புதியதை விட்டுக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகுதான் தொட்டியைச் சரியாகப் பார்த்தேன். தரை முழுக்க வெள்ளைக் கல்.

"இந்தக் கல்லு எப்ப வச்சீங்க?"

"மூணு வாரமாச்சு. பாக்க அழகா இருக்கேன்னு."

"இது நோவு இல்லண்ணே. இருக்குற எடத்து நெறத்துக்கு மாறியிருக்கு. அதோட சுபாவமே அதுதான்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நல்லாருந்த மீனுக்கா நான் மருந்து வச்சேன்?"

நிறம் மாறும் என்பது எனக்குத் தெரியும். பராமரிப்பில் சேராது என்று அதைப் பட்டியலில் எழுதாமல் விட்டிருந்தேன்.

4. முதல் வரி

கடைக்குக் கொண்டுவந்து தொட்டியில் விட்டும் மூன்று நாள் மீன் எதையும் தின்னவில்லை. திராட்சை லோடு இறக்கிவிட்டு அந்தோணி தினமும் வந்து நிற்பார். நான்காம் நாள் மதியம், நூலில் கட்டிய இறாலை அதன் முன்னால் ஆட்டினேன். நெற்றித் தூண்டில் மெல்ல நிமிர்ந்து இரண்டு முறை துடித்தது. அடுத்த நொடி இறாலைக் காணோம். நூல் மட்டும் என் கையில்.

"விழுங்கிட்டாக" என்றார் அந்தோணி, மீனுக்கு மரியாதை கொடுத்து. முதலாளி கல்லாவிலிருந்தபடியே சிரித்தார்.

நான் கற்றது இது. மீனைப் பற்றி எழுதும் முன், வாங்குகிறவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கவேண்டும். ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டில் ஒரு மருந்து இருக்கும், கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் வேறொன்று. மீன் சுணங்கினால் எங்கள் பட்டியலைத் தேடமாட்டார்கள். கையில் பழகியதைத்தான் எடுப்பார்கள்.

செம்பு கலந்த தொட்டித் தண்ணீரை முழுக்க மாற்றிய பிறகு, அந்தோணியிடம் மீனைத் திரும்பக் கொடுத்தபோது புதுப் பட்டியல் எழுதினேன். அதன் முதல் வரி: 'அரிவாள் இலைக்குத்தான் சொல்லும், மீனுக்குச் சொல்லாது.'