நூலுக்கு மட்டும் ஒரு கத்தரி

கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்னால் என் மருமகள் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். "எந்திரி கிழவா, வேலை கெடக்கு" என்பாள். அது முனகிக்கொண்டு கண் விழிப்பதற்குள் எம்பிராய்டரி மெஷினின் ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்துவிடுவாள். திரையில் வெளிச்சம் வரும்போது அவள் கை மவுஸின் மேல் இருக்கும். கண் மட்டும் திரையில் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே எவனாவது வாசலை மறித்து வண்டியை நிறுத்தியிருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்காமலே டக் டக்கென்று நாலு இடத்தில் தட்டுவாள். வேண்டிய படம் வந்து நிற்கும்.

தெருவைப் பார்த்த முன்னறைதான் அவளுடைய பட்டறை. சட்டைப் பையில் பெயர், தொப்பியில் சின்னம், துவாலையில் பூ, எதைக் கொடுத்தாலும் தைத்துத் தருவாள். கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு சின்ன நூல்கத்தரி தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். அதை நூலைத் தவிர வேறு எதன் மேலும் வைக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க நான் ஒருமுறை அதைக் கேட்டேன். "என் உயிரக் கேளுங்க அத்தை, தரேன். இத மட்டும் கேக்காதீங்க" என்றாள். என் மகன் கேட்காமலே எடுத்து டேப்பை வெட்டிவிட்டான். அன்று அவன் வாங்கிய பேச்சைச் சொன்னால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

சத்தம் போடுவது அவளுக்குச் சின்னக் கோபம். பெரிய கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். மெஷினின் அடிநூலுக்குப் பாபின் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். காலி பாபினை மாட்டி, நூலை ஏற்றி, நிரம்பியதும் டப்பாவில் போட்டு, அடுத்ததை மாட்டுவாள். வீட்டில் இடியா மழையா என்று தெரிந்துகொள்ள நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. டப்பாவைப் பார்ப்பேன்.

முன்பு அவள் ஒரு பெரிய தையல் ஆலையில் வேலை பார்த்தாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பான். ஒருநாள் கையைத் தூக்கியவள் அப்படியே எழுந்து வெளியே நடந்து, வீட்டுக்கே வந்துவிட்டாள். பின்னாலேயே அவன் குரல் கொடுத்தானாம்: "போ, போ. கதவு தொறந்துதான் இருக்கும். நீயா வருவே." அதைச் சொல்லும்போது இன்றும் அவள் தாடை இறுகும். அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த மெஷினும் இந்தக் கிழவனும். இப்போது எழுந்திரு என்றோ உட்கார் என்றோ அவளிடம் யாரும் சொல்வதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச காலமாகத் திரையின் கீழ்மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புதிய சிஸ்டம் வந்திருக்கிறது, இப்போது மாற்றிக்கொள்கிறாயா, பிறகு மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்குமாம். வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே கிடையாதாம். யோசித்துப் பாருங்கள். பெண் கேட்டு வருகிறவன்கூட, இல்லை என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான். இது என்னவென்றால், கல்யாணம் இன்றைக்கா நாளைக்கா என்று மட்டும் கேட்கிறது. மருமகள் "பிறகு, பிறகு" என்று தள்ளிப் பார்த்தாள். கடைசியில், தையலுக்கு அடியில் வைக்கிற கேன்வாஸ் துணியில் ஒரு துண்டை எடுத்து அந்த மூலையின் மேல் ஒட்டிவிட்டாள்.

"தட்டிட்டுக் கெடக்கட்டும். நான் தொறக்கப் போறதில்ல."

துணிக்குப் பின்னால் அது என்ன சொன்னதோ, என்ன கெடு வைத்ததோ, யார் கண்டது?

அந்தச் சமயம் அவள் கையில் இருந்தது குழந்தைகள் ஆஸ்பத்திரி வேலை. நர்ஸ்களின் புதுச் சட்டைகளில் குடை பிடித்த யானை ஒன்றைத் தைக்க வேண்டும். அந்த யானையை அவளே கம்ப்யூட்டரில் வரைந்தாள். குடை முதலில், உடம்பு பிறகு, கண் எல்லாவற்றுக்கும் கடைசியில். "கண்ண முன்னாடியே வெச்சா யானை முழிக்கும் அத்தை. கடைசியா வெச்சாத்தான் சிரிக்கும்" என்பாள். அட்டைப்பெட்டிகளில் சட்டைகள் வந்து சுவரோரம் அடுக்கியாயிற்று. வேலையைக் கொடுத்த யூனிஃபார்ம் கடைக்காரர் திங்கட்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இதை ஒழுங்காகக் கொடுத்தால் அந்த ஆஸ்பத்திரியின் வேலை முழுவதும் இவளுக்கு. கொடுக்காவிட்டால், அந்தப் பழைய ஆலைக்கு. அவர்களும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் தலையில் தட்டியபோது கிழவன் முனகவில்லை. திரை முழுக்க ஒரே நீலம். நடுவில் ஒரு சொல்.

"வணக்கமாம்" என்றாள் மருமகள். "யாருடா நீ?"

அவனோ, கொஞ்சம் பொறு, எல்லாம் தயாராகிறது, உனக்குப் பிடிக்கும் என்று ஏதேதோ எழுதிக் காட்டினானாம். சமையலும் ஆயிற்று, சாப்பாடும் ஆயிற்று, அவன் தயாராகவில்லை. ஆனபோது ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை. கீழே இருந்தது நடுவுக்கு வந்திருந்தது. இடப்பக்கம் இருந்தது எங்கோ ஒளிந்துகொண்டது. கேட்காத செய்தியும் கேட்காத வெயிலும் மழையும் ஓரத்தில் ஓடின. அவள் கை பழக்கத்தில் நாலு இடத்தில் தட்டியது. நாலு இடத்திலும் தப்பான கதவு திறந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. இருக்கும் இடத்தை வைத்துத்தான் எதையும் அறிவேன். உப்பு டப்பா மேல்தட்டில் வலக்கோடியில் இருக்கிற வரைக்கும் அது உப்பு. மாற்றி வைத்தால் காபியில் உப்பு விழும். படித்தவர்களுக்கு இது புரியாது என்று நினைத்திருந்தேன். அன்று மருமகளின் கை காற்றில் அலைவதைப் பார்த்தபோது, அவளுக்கும் என் கதிதான் என்று தெரிந்தது. நம் வீட்டுக்குள் நாம் தூங்கும்போது நுழைந்து, டப்பாக்களை எல்லாம் மாற்றி வைத்துவிட்டு, வணக்கம் என்று சொல்கிறவனை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்ன செய்வதென்று. கையில் கிடைக்க மாட்டேன் என்கிறான்.

அதோடு விட்டதா? தையல் படங்களைத் திறக்கிற புரோகிராமுக்கு ஒரு சாவி உண்டு. கட்டைவிரல் அளவு. கம்ப்யூட்டரின் இடுப்பில் செருகியே இருக்கும். புது சிஸ்டம் அதைப் பார்த்து, இது என்னவென்று தெரியவில்லை என்றது. புரோகிராம் திறக்க மறுத்தது.

"இத்தன வருஷமா இடுப்புலயே ஒக்காந்திருக்கா, அவளப் பாத்து நீ யாருன்னு கேக்குது" என்றாள் மருமகள்.

என் மகன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். சாயங்காலம் வந்து பார்த்தான். சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டான். "பூனை கண்ண மூடிக்கிட்டா உலகமே இருட்டாயிடுமா? நீ மூலைய மூடிட்டா அவன் வர மாட்டானா?" அவள் பாபின் சுற்ற உட்கார்ந்தாள். நான் மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் அந்தச் சிஸ்டம் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டுப் போட்டார்கள். நான் காய் நறுக்கி முடிக்கிற வரைக்கும் பாட்டு. பிறகு ஒரு தேன்குரல். மருமகள் போனைச் சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"சொல்லுங்க மேடம், நான் எப்படி உதவலாம்?"

"என்னக் கேக்காம என் வீட்டுச் சாமான ஏன் மாத்தி வெச்சீங்க?"

"அது உங்க பாதுகாப்புக்காகத்தான் மேடம்."

"எங்கிட்ட இருந்து என் வேலையப் பாதுகாக்கறீங்களா? திருடன் வந்திருந்தாக்கூட மெஷினத்தான் தூக்கிட்டுப் போயிருப்பான். கைப்பழக்கத்தயா தூக்கிட்டுப் போவான்?"

"உங்க புரோகிராம் ரொம்பப் பழசு மேடம். புதுசு வாங்கிக்கணும். மாசா மாசம் கட்டற மாதிரி வரும்."

"ஊசிக்கு மாச வாடகையா?"

"எல்லாமே பழசாயிடுச்சு மேடம், மாத்தித்தானே ஆகணும்..."

"என் மாமியாருந்தான் பழசு. அதுக்காக மாத்திட்டு வேற ஒண்ணு வாங்கிட்டா வந்தேன்?"

கத்தி என் கையில் அப்படியே நின்றது. கோபப்படுவதா பூரித்துப்போவதா என்று தெரியாமல், மிச்சமிருந்த ஒரே ஒரு கத்தரிக்காயைத் தேவைக்கு மேல் பொடியாக நறுக்கினேன். அதற்குள் தேன்குரல், எங்கள் சேவையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்று முதல் ஐந்து வரை சொல்லுங்கள் என்று கேட்டது. மருமகள் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பாபினை மாட்டினாள். அதுவும் சும்மா இருக்காமல், "மேடம், லைன்ல இருக்கீங்களா" என்று மேசையிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை என் மகன் தன் பாவத்தைக் கழுவப் பார்த்தான். யாரையோ கேட்டு, சும்மா பார்ப்பதற்கென்று கொடுக்கிற புதுப் புரோகிராம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். யானைப் படத்தை அது திறந்தது. "உங்களுக்காகச் சீர்படுத்திவிட்டேன்" என்று வேறு சொன்னதாம். ஒரு வேண்டாத துணியில் வைத்து ஓட்டினார்கள். கண் முதலில் விழுந்தது. அதன் மேல் உடம்பு ஏறியது. குடைக்காம்பு வயிற்றைக் குத்திக்கொண்டு முதுகில் வெளியே வந்தது. துதிக்கை பாதியில் நின்றது.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வந்தார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர், மெஷினில் இருந்த துணியைக் குனிந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் பன்னியா தெக்கிறே?"

"சரி பண்ணிடுவேன் அண்ணே."

"கண்ணு தெரியாத பன்னி. அதையும் ஈட்டியால குத்தியிருக்கே." அவர் சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தது. "தப்பா நெனச்சுக்காத. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் பொட்டிய எடுத்துக்கிட்டு ஆலைக்குப் போயிடுவேன். அங்க ஆளும் பத்தலையாம், உன்னையக்கூட விசாரிச்சாங்க."

"யாரு விசாரிச்சது?"

"அந்த சூப்பர்வைசர்தான்."

அவர் போன பிறகு பாபின் சுற்றுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். டப்பா தளும்ப நிறைந்திருந்தது. வீட்டில் காலி பாபின் ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"அந்த டார்ச்காரனக் கூப்பிடு" என்றேன்.

டார்ச்காரர் எங்கள் தெருக்கோடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டே வேலை செய்வார், கவ்விக்கொண்டே பேசுவார். மருமகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஒருமுறை கிழவனைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் சனிக்கிழமை காலையில் வந்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"அக்கா, படத்தையெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டு, பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுடறேன். ஆனா ஒண்ணு. இனிமே அதுக்குப் பாதுகாப்பு கெடையாது. ஏதாவது ஆச்சுன்னா அவங்க யாரும் உதவிக்கு வர மாட்டாங்க."

"இப்ப மட்டும் வந்து கிழிச்சாங்களா? போடுங்க."

"நெட்டுல மட்டும் வெக்காதீங்க. வெச்சா மோப்பம் புடிச்சு மறுபடி வந்துடும்."

சாப்பிடக் கூப்பிட்டும் எழாமல் வேலை செய்தார். ஏதோ ஒன்றை இறக்க வேண்டுமென்று நடுவில் ஒருமுறை நெட் ஒயரைச் செருகினார். மருமகள் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். மதியம் தாண்டி, அந்த முனகல் கேட்டது. எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. கிழவன் விழித்துவிட்டான். டப்பாக்கள் எல்லாம் அதனதன் இடத்தில். இடுப்புச் சாவியைச் செருகியதும் புரோகிராம் வாயைத் திறந்தது. டார்ச்காரர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

மருமகள் பெட்டியைப் பிரித்து முதல் சட்டையை மாட்டினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நாலு இடத்தில் தட்டினாள். மெஷின் ஓடியது. குடை வந்தது. உடம்பு வந்தது. நானும் பக்கத்தில் போய் நின்றேன். கடைசியாகக் கண் விழுந்தது. யானை சிரித்தது.

நூலின் நுனியை வெட்ட அவள் கத்தரியை எடுத்தபோதுதான் திரையில் ஏதோ அசைந்தது. மூலையில் இருந்த துணியை டார்ச்காரர் வேலைக்காக உரித்துப் போட்டிருந்தார். அங்கே ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த நீலத்தை எனக்குத் தெரியும்.

"இப்பவா, அப்பறமாவாம்" என்றாள் மருமகள். மெதுவாகத்தான் சொன்னாள்.

சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து டார்ச்காரர் தலையில் கை வைத்தார். "ஐயோ, நெட் ஒயர உருவ மறந்துட்டேன்!"

"ஒண்ணையும் தொடாதே, இரு, நான் வந்து கழட்டறேன்" என்று என் மகன் உள்ளேயிருந்து கத்தினான்.

அவள் காத்திருக்கவில்லை. குனிந்து, மேசைக்கு அடியில் போன அந்தச் சாம்பல் நிற ஒயரை இடது கையில் சுற்றி இழுத்துப் பிடித்தாள். வலது கையில் கத்தரி இருந்தது. ஒரே வெட்டு. கத்தரியின் முனையைத் தன் உடுப்பின் ஓரத்தில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கழுத்தில் விட்டுக்கொண்டு, அடுத்த சட்டைக்குக் கையை நீட்டினாள்.