கையில் கொடுத்த கத்தி

போன வாரம் மெட்ரோ ரயில் நிலையத்தில் ஒரு சின்னக் கலாட்டா. செய்தது நான்தான். பேத்தி வீட்டுக்குப் போகக் கிளம்பியவன், எல்லோரையும்போலப் பையை அந்த ரப்பர் பட்டையில் வைத்தேன். பை உள்ளே போய் வெளியே வந்ததும் காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, "தாத்தா, உள்ள கத்தி வச்சிருக்கீங்க, எடுங்க" என்றாள். எடுத்தேன். ஒரு சாண்கூட இராது. பல் போனபிறகு கொய்யாப்பழத்தை இதனால்தான் சீவித் தின்கிறேன் என்று விளக்கினேன். அவள் கையை நீட்டினாள். நான் கத்தியை மேஜைமேல் வைத்தேன். மறுபடியும் நீட்டினாள். நான் அதை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏன், கையில குடுக்கக் கூடாதா?"

"கூடாதும்மா. சண்டை வரும்."

அவள் சிரித்துவிட்டாள். நல்ல பெண். ஆனாலும் சட்டம் சட்டம்தானே, கத்தியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இரண்டு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்துப் பேத்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஒரு பழைய கத்திக்கா இந்தப் பாடு என்று அவள் திட்டினாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

புளியமரத்து வைரத்தில் செதுக்கிய கைப்பிடி. அதில் கட்டைவிரல் அமர ஒரு பள்ளம் தேய்ந்திருக்கிறது. என் விரல் இன்றுவரை அதில் சரியாக உட்கார்ந்ததில்லை, ஏனென்றால் அது கன்னியப்பனின் விரல் தேய்த்த பள்ளம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூருக்கு மூன்று மைல் தள்ளிய ஒரு கிராமத்தில் நான் கிராம சேவக்காக இருந்தேன். பெயரைக் கேட்டால் பெரிய உத்தியோகம்போல இருக்கும். விதை, உரம், பூச்சி மருந்து இவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக அலைகிற தற்காலிக வேலை. வயது இருபத்திரண்டு. நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர்கள் நினைத்ததையே செய்தார்கள்.

ஒருநாள் ஏரி மதகின் படியில் உட்கார்ந்து, மூர் மார்க்கெட்டில் வாங்கிய பேனாக்கத்தியால் கரும்பு சீவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாமி, அந்தக் கத்தியக் கீய வை."

திரும்பினால் என் வயதுடைய ஒருவன். இடுப்பில் ஒன்று, தோளில் தொங்கிய கோணிப்பையில் பிடி நீட்டிக்கொண்டு இன்னொன்று, ஆக இரண்டு கத்திகள். வழிப்பறிதான் என்று முடிவு செய்து, கத்தியோடு கரும்பையும் சேர்த்துக் கீழே வைத்துவிட்டேன். அவன் கரும்பைத் தொடவில்லை. கத்தியை எடுத்து மடக்கினான், விரித்தான், மடக்கினான். 'டக்' என்று அது மூடிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அவன் முகம் மலர்ந்தது.

"இன்னாமா சத்தம் குடுக்குது பாரு! கையிலருந்து கைக்கு வாங்கினா சண்டை வந்துடும்னு எங்க நைனா சொல்லும். அதான் கீய வெக்கச் சொன்னேன். பயந்துட்டியா சாமி?"

பயப்படவில்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. இப்படித்தான் கன்னியப்பன் எனக்குச் சிநேகிதனானான். 'சாமி' வேண்டாம் என்று மன்றாடி அதைச் 'சாராக' மாற்ற ஒரு மாதம் ஆயிற்று.

வயலில் எலி பிடிப்பதும், ஏரிக்கரைப் புதரில் உடும்பும் முயலும் பிடிப்பதும் அவன் தொழில். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த கிட்டிப் பொறிகளைச் சாயங்காலம் வைத்து, விடிந்ததும் போய் எடுப்பான். வளையைத் தோண்டினால், எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லும் அவனுக்கே. இதற்கு ஒரு கத்தி போதும், மிஞ்சினால் இரண்டு. அவனிடம் ஆறு இருந்தன.

குடிசைக் கூரையின் வைக்கோலுக்குள் செருகி வைத்திருந்த கோணிச்சுருளை உருவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் பிரித்துக் காட்டினான். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கனத்த கத்தி வளை தோண்ட. மூங்கில் பிளக்கத் தனியாக ஒன்று. மதுவிலக்கு வந்து தொழில் போன மரமேறி ஒருவர் கொடுத்த பாளைக்கத்தி, வளைந்து, தாள் கனத்தில். அதைத் தொடவே விடமாட்டான். முனை உடைந்து துருப்பிடித்த ஒன்றைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். ஏரி வற்றின வருஷம் சேற்றில் கிடைத்ததாம்.

"இது எதுக்கும் இல்ல சார். பாக்கறதுக்கு."

அவன் மனைவி பச்சையம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "வூட்ல சோத்துப் பானை ஒண்ணே ஒண்ணு கீது. அதுவும் ஓட்டை. கத்தி மட்டும் ஆறு கீது. நீயாவது கேளு சார்." நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு கத்தியின்மேல் கண் விழுந்துவிட்டது. உடைந்த ரம்பத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்துச் செய்த, புளியங்கைப்பிடி போட்ட சின்னக் கத்தி. அவன் கண்ணோ என் சட்டைப்பையில் இருந்த பேனாக்கத்தியின்மேல்.

ஒரு மாதம் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. இரண்டையும் தரையில் வைத்தோம், ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு மாதம் முடியவே இல்லை. இருவருமே நாட்களை எண்ணவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் மதகுப்படியில் சாணை பிடித்தோம். தண்ணீர் தெளித்த கருங்கல்லில் இரும்பு உரசும்போது எழும் அந்த வாசனையை எப்படிச் சொல்வது? முதல் மழையும் துருவும் கலந்தமாதிரி இருக்கும். எத்தனையோ பேர் தீட்டித் தீட்டிக் கல்லில் தொன்னை தொன்னையாகக் குழி விழுந்திருந்தது. பதம் பார்க்க முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டுவான் கன்னியப்பன். அவன் கையில் மயிரே மிச்சமில்லாமல் போனபோது என் கையைக் கேட்டான். நானும் கொடுத்தேன். ஆபீசுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

இந்தச் சமயத்தில்தான் எலி மருந்து வந்தது. தகர டப்பாவில் கறுப்புத் தூள், மூடியைத் திறந்தால் பூண்டு வாடை. அரிசிக் குருணையில் எண்ணெய் விட்டுக் கலந்து வளை வாயில் வைக்க வேண்டும். வைப்பது என் வேலை. இன்றும் யார் வீட்டிலாவது பூண்டு நசுக்கினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஒத்துக்கொள்ளாது என்று பொய் சொல்கிறேன்.

கன்னியப்பன் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ ஒரு எமன், நான் ஒரு எமன். எலிங்க பாடுதான் பேஜாரு" என்று சிரித்தான். ஆனால் அந்த எலிகளைத்தான் அவன் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். எந்த வயலில் மருந்து என்பது அவனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். எழுதி வைத்தால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே வேப்பங்குச்சிகளைப் பட்டை உரித்து வெள்ளையாக்கி, மருந்து வைத்த வயலின் வரப்பில் நான் நட்டுவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். வெள்ளைக்குச்சி இருந்தால் அவன் அங்கே கால் வைக்கமாட்டான். குச்சிகளை இருவரும் உட்கார்ந்து சீவினோம். நான் அவன் கத்தியால், அவன் என் கத்தியால். கட்டு எப்போதும் என் சைக்கிள் கேரியரில் இருக்கும்.

தை மாதம், அறுப்புக்கு முன்னால் ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசரின் ஜீப் வந்து நின்றது. வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மணியக்காரர் வயலில் அவர் எதிரிலேயே மருந்து வைத்தேன். குச்சி நடத் திரும்பியபோது அவர் கேரியரைப் பார்த்து, "அது என்னய்யா?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எலி பிடிக்கிறவனுக்கு அடையாளம் வைக்கிறேன் என்றால் என்ன ஆகியிருக்கும்? அதிகம் போனால் இரண்டு வசவு. ஆனால் என் வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருந்தது. மணியக்காரரும் ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

"விறகு சார். வெந்நீருக்கு" என்றேன்.

ஜீப்பில் ஏறச் சொன்னார். உத்திரமேரூரில் கூட்டம். அதுவரை நான் ஜீப்பில் ஏறியதே இல்லை. கூட்டம் இழுத்துக்கொண்டே போய், அங்கேயே ஒரு நண்பன் அறையில் தங்கும்படி ஆயிற்று. ஓட்டலில் பூரி சாப்பிடும்போது குச்சி நினைவு வந்தது. விடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு இன்னொரு பூரி வாங்கினேன். மறக்கவில்லை என்பதுதான் என்னால் இன்றுவரை விழுங்க முடியாத விஷயம்.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கன்னியப்பன் மதகுப்படியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் அவன் நாய் வெள்ளச்சி நுரை தள்ளிச் செத்துக் கிடந்தாள். வரப்பில் குச்சி இல்லாததைப் பார்த்து, விடிகாலையில் அந்த வயலில் வளை தோண்டியிருக்கிறான். அகப்பட்ட முதல் எலியை நாய்க்குப் போடுவது அவர்கள் வழக்கம். மற்றவை வீட்டுக்குப் போயிருக்கின்றன. பச்சையம்மா அடுப்பைப் பற்ற வைத்த நேரத்தில் நாய் புரள ஆரம்பித்திருக்கிறது.

"மொத எலி அதுக்குன்றது எங்க வயக்கம். அதனால பொயச்சிதுங்க எம்புள்ளைங்க" என்றான். குரல் உயரவே இல்லை.

"கன்னியப்பா, ஆபீசர் திடீர்னு வந்துட்டாரு, நான்..."

"வெறகுன்னு சொன்னியாமே சார்."

மணியக்காரர் ஆட்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் எழுந்தான். மடியிலிருந்து என் பேனாக்கத்தியை எடுத்து மடக்கினான், 'டக்' என்றது. என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து, என் விரல்களைத் தானே மூடிவிட்டான்.

நான் அவசர அவசரமாக அவன் கத்தியை என் இடுப்பிலிருந்து உருவி, மதகுப்படியில், அவன் பக்கமாகப் பிடியைத் திருப்பி வைத்தேன். எடுத்துக்கொள் என்று சொல்லவும் தைரியமில்லை. அவன் அதைப் பார்த்தான். கத்தியைக் கண்டால் அவன் கை தானாகப் போகும், அன்றும் விரல்கள் அசைந்தன. பிறகு குனிந்து நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போய்விட்டான்.

அந்த வாரமே குடிசை காலி. கூரைக்குள் கையை விட்டுத் துழாவினேன், வைக்கோல்தான் இருந்தது. தென்னேரிப் பக்கம் போனான் என்றார்கள் சிலர், தாமல் ஏரிக்கரையில் பார்த்ததாகச் சிலர். சைக்கிளில் இரண்டு ஊருக்கும் போய் விசாரித்தேன். எவ்வளவோ பேர் எலி பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவன் இல்லை. வேலை எனக்கு நிரந்தரமாயிற்று.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போனவன் அந்த ஊருக்கும் போனேன். மணியக்காரர் வயலில் மனைக்கல் நட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்ததும் நின்றுவிட்டேன், எங்கள் குச்சிகள்தானோ என்று. மதகைச் சிமெண்டில் புதிதாகக் கட்டிவிட்டார்கள். குழி விழுந்த கல் எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கல் என்றே புரியவில்லை அவர்களுக்கு. பேனாக்கத்தி ஏதோ ஓர் இடமாற்றத்தில் தொலைந்துபோயிற்று, அதற்காக நான் வருந்தவில்லை.

கைக்குக் கை கத்தி மாறினால் சண்டை வரும் என்றவன் அவன்தான். மாறிற்று. சண்டை மட்டும் வரவே இல்லை. அவன் வந்து என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், நானும் அழுது தீர்த்திருப்பேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதகில் உட்கார்ந்திருப்போம். இப்போதும் தினம் கொய்யாப்பழம் சீவி முடித்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைக்கிறேன், பிடி வாசல் பக்கம் பார்த்திருக்கும்படி.