கம்ப்ரசர் கொட்டகை அத்தை

என் அத்தைக்கு ரகசியம் பேச வராது. கம்ப்ரசர் இரைச்சலில் வருஷக்கணக்காக வேலை பார்த்து அவள் குரல் ஏறிப்போனது, பிறகு இறங்கவே இல்லை. "இதை யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று சமையலறையில் காதோடு காதாகச் சொன்னால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். மாமா தையல்காரர். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தாலும் உதட்டில் குண்டூசி இருக்கும். இந்த இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தவர் யார் என்று எங்கள் வீட்டில் இன்னும் கேட்டுச் சிரிப்பார்கள்.

தாத்தா பஞ்சர் கடை வைத்திருந்தார். அத்தை அங்கேயே வளர்ந்தவள். சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே காற்று போதுமா, போதாதா என்று சொல்லிவிடுவாள். பிறகு தொழிற்பயிற்சி முடித்து, எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் கம்ப்ரசர் ஓட்டுகிறவளாகச் சேர்ந்தாள்.

சுரங்க வாயை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மூன்று கம்ப்ரசர்கள். வெளிக்காற்றை உறிஞ்சி, நெருக்கி, பைப் வழியாகப் பூமிக்கடியில் அனுப்புவதுதான் அவற்றின் வேலை. கீழே பாறையைத் துளைக்கிற எந்திரங்கள் அந்தக் காற்றில்தான் ஓடின. ஈரமும் இருட்டுமான அந்த இடத்தில் மின்சாரத்தைவிடக் காற்று பயமில்லாதது. எந்திரம் வேலை செய்துவிட்டு வெளியே விடுகிற காற்று, வியர்த்துக் கொட்டும் ஆட்களின் முகத்தில் சில்லென்று அடிக்கும். அதனால் கீழே இருந்தவர்களுக்கு அவள் 'காத்தக்கா'. "காத்தக்கா, மிஷின் இழுக்கமாட்டேங்குது, கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று போன் வரும். "நேத்து ராத்திரி நீ சாப்பிடலயா, மிஷின் சாப்பிடலயா?" என்று இவள் கத்துவாள். ஆனால் கை அதற்குள் வால்வைத் திருப்பியிருக்கும்.

நானும் அதே சுரங்கத்தில்தான் இருந்தேன், விளக்கு அறையில். இறங்குகிறவர்கள் என்னிடம் விளக்கு வாங்கிப் போவார்கள், ஏறி வந்ததும் திருப்பித் தருவார்கள். அன்று காலை, அடித்தளத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது பாறைச் சுவர் உடைந்து, அதற்குப் பின்னால் பல காலமாகக் கைவிடப்பட்டிருந்த பழைய குடைவிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்தது. அபாயச் சங்கு ஊதியது. நனைந்த கோழிகளைப் போல ஆட்கள் ஏறி வந்து விளக்குகளை என் மேஜையில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து மாட்டியபோது அலமாரியில் ஐந்து கொக்கிகள் மட்டும் காலியாகவே இருந்தன, ஐந்து பேர் இன்னும் ஏறி வரவில்லை. கீழே போன் அடித்துப் பார்த்தோம். தொடர்பு அறுந்திருந்தது.

அத்தையிடம் சொல்ல ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள், காற்றழுத்த மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னா கீழ காத்தைக் குடிக்கிறது யாருடி?" என்றாள்.

அடித்தளப் பைப்பில் காற்று தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குள் சுரங்க இன்ஜினியரும் வந்துவிட்டார். மேல்தளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளும் இதே காற்றில்தான் ஓடின. வெள்ளத்தில் அடித்தளப் பைப் உடைந்திருந்தால், அந்த வால்வை அடைத்துவிட்டு முழுக் காற்றையும் பம்புகளுக்குக் கொடுப்பதுதான் நியாயம்.

"பைப் உடைஞ்சிருக்கலாம். இல்ல, உள்ள இருக்கிறவங்க திறந்து வெச்சிருக்கலாம். எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியல சார். உடைஞ்ச பைப்புன்னா முள்ளு சடார்னு விழணும். இது மெதுவாத்தான் இறங்குது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவர் யோசித்தார். "அவங்க வேலை செஞ்ச இடத்துல மேல்நோக்கிக் குடைஞ்ச ஒரு முட்டுச்சந்து இருக்கு. காத்துப் பைப்பு அதுக்குள்ளயும் போகுது. ஏறியிருந்தா அங்கதான் ஏறியிருப்பாங்க. நான் மேல்தளத்துக்கு இறங்கிப் பைப்பைத் தட்டிப் பார்க்கிறேன். நான் வர்ற வரைக்கும் அடைக்காதீங்க."

"நீங்க சொன்னாலும் அடைக்கமாட்டேன். பத்திரமா போய்ட்டு வாங்க" என்றாள் அத்தை.

அவர் போனார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பைப்பில் காதை வைத்துச் சுத்தியலால் தட்டினாராம். பதிலே இல்லை. மறுபடி தட்டினாராம். அடியிலிருந்து 'டங், டங்' என்று யாரோ அவசர அவசரமாகத் திருப்பித் தட்டினார்கள். உடனே மேல்தளத்திலிருந்து போன் செய்தார். "இருக்காங்கக்கா, உயிரோட இருக்காங்க."

செய்தி பரவி, கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே சிக்கியிருந்த பாறைத் துளைக்காரர் ஒருவரின் மனைவி மட்டும் அழுதுகொண்டே நேராக உள்ளே வந்தாள்.

"தண்ணி ஏறுதுன்னு சொல்றாங்களே, முங்கிடமாட்டாங்களா?"

அத்தை அவளுக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஒரு டம்ளரை எடுத்துத் தலைகீழாகத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் காட்டினாள். "பாரு, டம்ளர் முழுக்க முங்கியும் உள்ள தண்ணி ஏறலயே? உள்ள இருக்கிற காத்து அதை ஏற விடாது. உன் வீட்டுக்காரர் இப்போ இதுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கார். காத்தை நான் அனுப்பிக்கிட்டே இருந்தா தண்ணி கிட்ட வராது. நான் நிறுத்தமாட்டேன். இந்தா, இந்தப் பைப்புல கை வெச்சுக்கிட்டு நில்லு. கை பொறுக்காத அளவுக்குச் சுட்டுச்சுன்னா என்னைக் கூப்பிடு."

அது சும்மா கொடுத்த வேலை இல்லை. கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானால் அதற்குள் இருக்கும் எண்ணெய் கருகும், அந்த விஷப்புகை காற்றோடு கலந்து நேராகக் கீழே மூச்சுவிடுகிறவர்களிடம் போகும். எப்போதும் இரண்டு ஓட, ஒன்று ஓய்வெடுக்கும். அன்று மூன்றும் ஓய்வில்லாமல் ஓடின. குளிர்விக்கும் தொட்டியில் தண்ணீர் குறைந்தபோது, தெருக்காரர்கள் குடத்திலும் டிரம்மிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். நனைத்த சாக்குகளைப் பைப்பின் மேல் போர்த்தினோம். அந்தப் பெண் சாப்பிடக்கூட நகரவில்லை. இரண்டு முறை "அக்கா!" என்று கத்தினாள். இரண்டு முறையும் சரியான நேரத்தில்தான் கத்தினாள்.

மறுநாள் பெரிய மின்பம்புகள் லாரிகளில் வந்து இறங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். அத்தை மட்டும் மூக்கைச் சுருக்கினாள். அடுத்த நொடி கொட்டகையிலிருந்து பாய்ந்து வெளியே வந்து, லாரி டிரைவரைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் கூட்டமே விலகி வழிவிட்டது.

"இன்ஜினை நிறுத்துய்யா! உன் புகையத்தான் என் மிஷின் இழுக்குது! கீழ அஞ்சு பேரு அதைத்தான் குடிக்கிறாங்க!"

லாரி காற்று இழுக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் பதறிப்போய் அணைத்தார். லாரியை ஆட்களே தோள் கொடுத்துத் தள்ளி அப்பால் நிறுத்தினார்கள்.

அத்தோடு தீரவில்லை. லாரிகள் கிளப்பிய புழுதியில் காற்று வடிகட்டிகள் அடைத்துக்கொண்டன. மாற்று வடிகட்டிகள் தீர்ந்துவிட்டன. மெஷின் இழுக்கத் திணறுவது சத்தத்திலேயே தெரிந்தது. மாமா வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தார். அத்தை அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இதே அளவுல உறை தெச்சுத் தர முடியுமா? காத்து போகணும், தூசி போகக் கூடாது."

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணியை விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். "கம்பளித் துணி வேணும். மாப்பிள்ளை கோட்டுக்கு வந்தது ஒண்ணு இருக்கு" என்றார்.

"யாரோட கோட்டு?"

"கல்யாணம் அடுத்த மாசம்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தையல் மெஷினையே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, கொட்டகைச் சுவர் ஓரமாகப் போட்டு மிதிக்க ஆரம்பித்தார். ஒரு உறை அழுக்காவதற்குள் அடுத்ததைத் தைத்துக் கொடுத்தார். கோட்டுக்காரப் பையனே வந்து நூல் கோத்துத் தந்தான்.

பம்புகள் தண்ணீரை இறக்கத் தொடங்கின. இனி வேகமாக இறைத்துவிடலாம் என்று எல்லோரும் துடித்தபோது, சுரங்க டாக்டர் குறுக்கே நின்றார். உள்ளே அழுத்தத்தில் இத்தனை நேரம் இருந்தவர்களுக்கு அழுத்தம் சட்டென்று குறைந்தால் ரத்தத்தில் குமிழி கட்டிவிடும், மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்றார். டாக்டர் சொல்லச் சொல்ல இன்ஜினியர் பம்புகளை அடக்கினார், அத்தை வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். அந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்ததை நான் மறக்கமாட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் ஐந்து பேரும் சுரங்க லிஃப்ட் கூண்டில் ஏறி வந்தார்கள். வெளிச்சம் கூசாமலிருக்கக் கண்களில் துணி கட்டியிருந்தது. துளைக்காரர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குத்தான் முதலில் வந்தார்.

"காத்தக்கா, நடுவுல ஒருதரம் லாரிப் புகை நாத்தம் அடிச்சுது. தலை கிறுகிறுன்னுச்சு. அவ்வளவுதான்னு நினைச்சோம். அப்புறம் தானா நின்னுடுச்சு."

"தானா ஒண்ணும் நிக்கல" என்றாள் அத்தை. கொட்டகை மூலையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

சில வருஷங்கள் கழித்து ஒரு கச்சா எண்ணெய் வயலில் கம்ப்ரசர் அனுபவம் உள்ளவர்களைக் கேட்டார்கள். அத்தை போனாள். "இருக்கிற வேலையே போதாதா?" என்று அப்பா தடுத்துப் பார்த்தார். "தெரிஞ்ச வேலையவே எத்தனை காலத்துக்குச் செய்யறது?" என்று கேட்டுவிட்டு மூட்டை கட்டினாள். மாமாவும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டார்.

அங்கே காற்று இல்லை, எரிவாயு. கிணற்றுக்குள் வாயுவை அனுப்புவார்கள். அது குமிழி குமிழியாக எண்ணெயோடு கலந்து அதன் கனத்தைக் குறைக்கும், ஏற மாட்டேன் என்று அடியில் கிடக்கும் எண்ணெய் மேலே வரும். முதல் மாதம் அத்தைக்கு ரொம்பப் பயமாக இருந்ததாம். "காத்து கசிஞ்சா சத்தம்தான் வரும்டி. இது கசிஞ்சா நெருப்பு" என்றாள். புது ஊழியர்களோடு ஒன்றாக உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள், பரீட்சை எழுதினாள், ஒருமுறை தவறி மறுமுறை தேறினாள்.

போன வாரம் போன் செய்தாள். வழக்கம்போல நான் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நாளாகச் செத்துக் கிடந்த ஒரு கிணற்றை அவளிடம் ஒப்படைத்திருந்தார்களாம். மூன்று நாளாக வாயுவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்கிறாள்.

"இன்னிக்கு மத்தியானம் பைப்பு இருமுச்சுடி. அப்புறம் ஒரு குலுக்கு. அப்புறம் பாரு, திபுதிபுன்னு எண்ணெய்! எல்லாரும் குதிச்சோம்."

"நீங்களுமா அத்தை? இந்த வயசுலயா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா? சரி வைக்கிறேன், நாளைக்கு அடுத்த கிணறு" என்று போனை வைத்துவிட்டாள்.