சன்னல் வழியே போன மருந்து

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் தங்குகிற லைன் வீடு ஒன்றில் வேல்விழியும் அவள் தம்பி ராஜ்கமலும் குடியிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அம்மா தவறிப்போனபோது தம்பி கைக்குழந்தை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அவனை வளர்த்தவள் வேல்விழிதான். இன்று அவள் ஓவர்லாக் டெய்லர். அவன் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். எந்த மெஷின் நின்றாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று அவள் சொல்லாத ஆள் கம்பெனியில் இல்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஊரில் எல்லோரும் வீசிங் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்துமா என்றால் பெண் கிடைக்காதாம். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா மட்டும் பூசி மெழுகவில்லை. "இது கடுமையான ஆஸ்துமா. மூச்சு நல்லா இருக்கிற நாள்லயும் மருந்து எடுக்கணும்" என்றார்.

வாயில் வைத்து இழுக்கிற பம்பு இரண்டு கொடுத்தார். நீலம், மூச்சு முட்டும்போது. ரோஸ், தினமும் காலையிலும் இரவிலும். இது ஏன் இரண்டு என்பதை வேல்விழி தன் தொழிலை வைத்தே புரிந்துகொண்டாள். கழுத்தைச் சுற்றித் தைக்கிற ரிப்புப் பட்டை இறுக்கமாக இருக்கும் பனியனை இழுத்துப் பிடித்துத் தலையை நுழைத்துவிடலாம். கையை விட்டால் மறுபடி சுருங்கிக்கொள்ளும். நீலம் அப்படி இழுத்துப் பிடிக்கிற கை. உள்ளே மூச்சுக்குழாய் வீங்கிக் கிடக்கிறதே, அதை மெல்ல மெல்ல வற்ற வைப்பது ரோஸ்.

ரோஸ் இழுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் புண் வரும் என்றும் சொல்லியிருந்தார். வேல்விழி அடுப்படியில் நின்றபடியே காதைத் தீட்டிக்கொள்வாள். உள்ளறையில் 'புஸ்' என்று ஒரு சத்தம். பிறகு கொப்பளிக்கிற சத்தம். இரண்டும் கேட்டால்தான் இட்லித் தட்டை இறக்குவாள். இன்னும் எத்தனை தடவைக்கு மருந்து இருக்கிறது என்று பம்பின் முதுகில் காட்டும் எண் குறைகிறதா என்றும் பார்ப்பாள். சரியாகக் குறைந்துகொண்டே வந்தது. "எந்தம்பி ஆஸ்பத்திரி வாசல மிதிச்சு ரெண்டு வருசம் ஆச்சு" என்று லைனில் பெருமையடிப்பாள். அந்தப் பெருமையில் பாதி தனக்குச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கார்த்திகைப் பனிக்காலத்தில் ஒரு மத்தியானம் அவள் வேலை செய்யும் கம்பெனிக்கு போன் வந்தது. ராஜ்கமலோடு வேலை செய்யும் சுரேந்தர் பேசினான். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு வாங்க. நீலப் பம்பு எத்தன தடவ அடிச்சும் கேக்கலீங்க."

அவள் போனபோது தம்பியின் உதடு கறுத்திருந்தது. 'யக்கா' என்ற ஒரு சொல்லை முடிக்கவே அவனுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஆவி மருந்து வைத்தார்கள், ஊசி போட்டார்கள். "தினமும் மருந்து எடுத்தாரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு நாள் விட்டதில்லம்மா. நானே சாட்சி" என்றாள் வேல்விழி.

இரண்டு நாளில் அவன் எழுந்து உட்கார்ந்தான். பின்வீட்டு சுப்பாத்தாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள்.

"இப்ப எப்படி இருக்குது கண்ணு? ஏம்மா வேலு, உங்கூட்டுல கொசு ரொம்பச் சாஸ்தியா?"

"இல்லியே. ஏன் கேக்கிய?"

"பின்ன? தம்பி தெனமும் சன்னல்ல கைய நீட்டி புஸ்ஸு புஸ்ஸுனு மருந்தடிக்குதே! ரோஸ் கலரு டப்பா. பேரச் சொல்லு சாமி, எங்கூட்டுக்கும் ஒண்ணு வாங்கோணும். அங்க கடி தாங்க முடியல."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார். சுப்பாத்தாளும் சேர்ந்து சிரித்தாள். வேல்விழி தம்பியைப் பார்த்தாள். அவன் போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

சுப்பாத்தாள் போனதும் கேட்டாள். "எத்தன மாசமா?"

"ஆடியிலருந்து."

"எதுக்குல?"

"அது ஸ்டீராய்டாம்க்கா. சுரேந்தர் போன்ல காட்டுனான். உடம்பு ஊதிப்போகும், கல்யாணத்துக்கு ஆகாதுன்னு போட்டிருந்துச்சு. மூச்சும் மொதல்ல நல்லாத்தான இருந்துச்சு. பொறகுதான் கம்பெனியில நீலத்த அடிக்கடி இழுக்க வேண்டியதாச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ விடமாட்டே."

"விடமாட்டேன்தான். அதுக்குக் காத்துக்கு மருந்து குடுத்துட்டு, வெறும் வாயக் கொப்பளிச்சியா? நான் கேட்டுக்கிட்டு நிப்பேன்னு தெரிஞ்சேதான செஞ்ச?"

அவன் மருந்தை மறந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பாள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். தன் காதுக்காகவே ஒரு சத்தத்தைத் தயார் பண்ணி, அதைத் தினமும் இரண்டு வேளை தந்திருக்கிறான். அதை நம்பித்தான் டாக்டரம்மாவிடம் சாட்சி சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா அவனிடம் சொன்னார்: "பம்புல இருக்கிறது ரொம்பக் கொஞ்சம், நேரா நுரையீரலுக்குப் போறது. அதுக்குப் பயந்து நிறுத்தினீங்க. இப்போ உயிரைக் காப்பாத்த ஊசியில போட்டதும் ஸ்டீராய்டுதான், அதைவிடப் பல மடங்கு. சந்தேகம்னா எங்கிட்ட கேட்டிருக்கலாமே? நீலப் பம்பு அடிக்கடி தேவைப்பட ஆரம்பிச்சதே, அதுதான் எச்சரிக்கை. அப்பவே வந்திருக்கணும்."

பிறகு வழக்கம்போல வேல்விழி பக்கம் திரும்பி, எந்த மருந்து எப்போது என்று சொல்லத் தொடங்கினார்.

"அவன்ட்டயே சொல்லுங்கம்மா" என்று அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மருந்துச் சீட்டோடு அவன் பின்னால் வந்தான். "யக்கா, இனிமே உன் கண்ணு முன்னாடியே இழுக்கேன்."

"வேண்டாம்."

"அப்போ என்ன நம்பவே மாட்டியா?"

"உனக்குக் காவல் நிக்கிற வேல முடிஞ்சுபோச்சுல. மூச்சு உன்னோடது. நம்புறதப் பொறகு பாக்கலாம்."

மருந்துக் கடையில் கூட்டம். அவன் போய் வரிசையில் நின்றான். ரோஸ் பம்பு எத்தனை வேளை என்று கடைக்காரர் கேட்டார். அவன் பழக்கதோஷத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் ஆட்டோ நிற்கும் பக்கமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்சம் தயங்கி, அவனே பதில் சொல்வது கேட்டது.