அறுபத்தைந்து லிட்டர் பலகை

கடலோரக் கொட்டகையில், பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பலகைகளை வாடகைக்கு விடும் ஆளுக்குத் தராசு என்றுதான் பெயர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினெட்டு வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கி, முதுகாலேயே கணக்குப் படித்தார். முதுகு தேய்ந்ததும் மனைவியின் அண்ணன் தன் கொட்டகையில் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஒரு ஆளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தால் போதும், எடை வாயில் வந்துவிடும். கிலோ பிசகாது.

இந்த வேலைக்கு அந்தக் கண் வேண்டும். காற்று முரட்டுத்தனமாக அடித்து, தண்ணீர் குண்டும் குழியுமான ரோடு மாதிரி ஆகிவிட்டால் பெரிய பலகை உதவாது. ஒவ்வொரு அலைக்கும் துள்ளும். பலகையின் முன்நுனிக்கு அடியில் காற்று புகுந்து ஆளோடு கவிழ்த்துவிடும். சின்னப் பலகைதான் அலையைக் கிழித்துக்கொண்டு போகும். எவ்வளவு சின்னது? ஆளின் எடையோடு இருபதைக் கூட்டினால் வருவது பலகையின் பருமன், லிட்டரில். எண்பது கிலோதான் என்று கூசாமல் சொன்ன ஒருவரிடம், "வயித்த வீட்ல வச்சிட்டா வந்தீங்க?" என்று கேட்டு, நூற்றுப் பதினைந்தைத் தூக்கிக் கொடுத்தார்.

இந்த லிட்டர் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவளே மனைவிதான். சின்ன வயதிலிருந்து அண்ணனோடு கடலில் கிடந்தவள். பலத்த காற்றுக்கு அவளுடையது எண்பது லிட்டர் பலகை. கரையைவிட்டு இறங்காத புருஷனை, "இறக்கி வச்ச மூட்டை, வச்ச எடத்துலயே கெடக்கும்" என்று ஊரார் முன்னால் வாருவாள்.

போன வருஷம் வயிற்றில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் எடை மெஷினில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நம்பரை மட்டும் என் காதில் போடாதீர்கள் என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து இவரைக் கேட்பாள். அப்படியேதான் இருக்கிறாய் என்பார். அப்புறம் அவளை நேராகப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பார்த்தால் உள்ளே ஒன்று தானாக எண்ணத் தொடங்கிவிடும்.

இனி மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் காற்று வலுத்தது. காலையில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"ஒரே ஒரு தடவை போய்ட்டு வர்றேன். என் போர்ட எடுங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "நீங்களே பாத்துக்குங்க மாப்ள" என்று பின்பக்கம் போய்விட்டார். இடுப்பளவு ஆழம் வெகுதூரம் போகிற கடல்தான், ஆனால் அன்று எங்கும் வெள்ளை நுரை.

தராசு எண்பதில் கை வைத்தார். அதைக் கொடுத்தால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். ஆனால் அந்தத் தண்ணீரில் அது அவளைச் சருகு மாதிரி வீசிவிடும். கை கீழே இறங்கியது. பள்ளிக்கூடப் பெண்கள் எடுக்கும் அறுபத்தைந்தை உருவினார்.

அவள் பலகையில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தாள். இருபதைக் கழிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"நாப்பத்தஞ்சா?"

"காத்து பலமா இருக்கு. அதான்."

"காத்துக்குன்னு எத்தன கிலோ கழிச்சீங்க?"

அவர் இருப்பதிலேயே சின்னப் பாயை எடுத்து மாட்டினார். மாட்டி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

தண்ணீரில் இறங்கிப் பலகைமேல் ஏறினாள். பாய் காற்றைப் பிடித்தது. பலகை துள்ளவில்லை, நேராக ஓடியது. பலகையில் குற்றமில்லை. நாலு வீட்டு நீளம் போயிருப்பாள். கை பிடியை விட்டது. விழுந்தாள். எழுந்து, தண்ணீரில் சாய்ந்து கிடந்த பாயைக் கயிற்றால் இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தராசு செருப்போடு இறங்கி நடந்தார். அலை நெஞ்சில் அடித்தது. பக்கத்தில் போனதும், "ஏத்தி விடுங்க" என்றாள். இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்பத்தைந்து இல்லை. நனைந்த துணி அத்தனையும் சேர்ந்தும் இல்லை. கண் சொல்லாததைக் கை சொல்லிவிட்டது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொறச்சலா?"

"ஆமா" என்றார்.

பாய்க்கயிற்றைக் கையிலிருந்து விட்டாள். காற்று இருவர் முகத்திலும் தண்ணீரை வாரி அடித்தது. அவளைப் பலகையில் ஏற்றவும் முடியாமல், இறக்கவும் மனம் வராமல், தராசு தூக்கியபடியே நின்றார்.